ஒரு கோழிக்கு ஒரு பாலாடை

எங்கள் வீட்டில் ஒரு பாலாடை இருக்கிறது. எவர்சில்வர். குழந்தைக்குப் பால் புகட்ட, ஒரு பக்கம் மூக்கு நீட்டி வைத்திருக்கும் சின்னக் கிண்ணம். அந்த மூக்கு இடது பக்கமாகக் கொஞ்சம் வளைந்திருக்கும். என் வீட்டுக்காரர் கைக்குழந்தையாக இருந்தபோது மிதித்து வளைந்தது என்று மாமியார் சொல்வார். கைக்குழந்தை எப்படி மிதிக்கும் என்று நான் கேட்டதில்லை. மாமியாரிடம் எதையுமே கேட்டதில்லை. இப்போது அந்தப் பாலாடை அவர் கட்டில் பக்கத்தில், ஒரு தண்ணீர் பாட்டிலின் தலையில் கவிழ்ந்திருக்கிறது. அதை எடுக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பயம் வரும். எனக்குக் கல்யாணமான வருஷம், ஒரு சித்திரை மாச மத்தியானத்தில் பிடித்தது. இன்னும் விடவில்லை.

நான் உப்புக்காட்டில் பிறந்தவள் இல்லை. திண்டிவனத்துக்கு மேற்கே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளைகிற ஊர். ஏழாவது வரை படித்தேன். மரக்காணத்துக்கும் அனுமந்தைக்கும் நடுவில் உப்பளத்தை ஒட்டி இருக்கிற இந்த வீட்டுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். மாமனார், மாமியார், என் வீட்டுக்காரர், அவருக்குத் தம்பி, நான். ஐந்து பேருக்கும் அளத்தில்தான் கூலி வேலை. தை மாசம் பாத்தியில் தண்ணீர் கட்டினால் புரட்டாசி வரைக்கும் வேலை இருக்கும். ஐப்பசியில் மழை இறங்கினால் அளம் முழுகிவிடும். அப்புறம் தண்ணீர் வடிந்து வரப்புத் தெரிகிற வரைக்கும் யாருக்கும் வேலை இல்லை. அந்த மூன்று மாசத்துக்கு எங்கள் வீட்டில் இருந்தது கோழிகள்தான்.

வந்த மறுநாளே மாமியார் என்னைக் கூப்பிட்டுக் கோழிகளைக் காட்டினார். விரலை நீட்டி ஒவ்வொன்றாகச் சொன்னார். "அது ஐப்பசி. அந்தச் சாம்பல் கோழி, அதுவும் ஐப்பசி. புள்ளி போட்டது கார்த்திகை. கழுத்துல முடி இல்லாம நிக்குது பாரு, அது மார்கழி." எனக்கு முதலில் விளங்கவில்லை. எந்த மாசத்தில் எதை விற்று அரிசி வாங்குவது என்பதை அவர் சித்திரையிலேயே முடிவு செய்து வைத்திருந்தார். கூனிமேட்டிலிருந்து கோழி வாங்குகிற பாய் வண்டியில் கூடை கட்டிக்கொண்டு வருவார். அவர் கையில் போகிற வரைக்கும் அந்தந்தக் கோழிக்கு அந்தந்த மாசத்தின் பேர். வீட்டில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். ஐப்பசி முட்டை வைக்குது, கார்த்திகை அடைக்கு உட்காருது என்று. சிவப்புச் சேவல் ஒன்றுக்கு மட்டும் மாசம் கிடையாது. அது அந்தோணியாருக்கு நேர்ந்துவிட்டது. கொழுந்தனுக்கு மஞ்சள் காமாலை வந்து பிழைத்ததற்காக. பெரியதும் சின்னதுமாக அன்றைக்கு இருபத்தொன்று இருந்தன. குஞ்சுகள் தனி.

மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் என்னை அடித்ததில்லை. கத்தியதும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குப் பயம் விட்டுப்போயிருக்கும். அவர் பார்ப்பார், அவ்வளவுதான். சோற்றுப் பானையைப் பார்ப்பார், பெருக்கிய வாசலைப் பார்ப்பார், என் காலைப் பார்ப்பார். பார்த்துவிட்டுப் போய்விடுவார். என்ன தப்பு என்று தெரியாமல் நான் அன்றைக்கு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். என் அக்காவை அவள் கட்டிக்கொடுத்த வீட்டில் எட்டே மாசத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அவள் எங்கள் அம்மா வீட்டிலேயே இருந்தாள். நான் புறப்படும்போது அம்மா என் தலையில் பூ வைத்துவிட்டுச் சொன்னது ஒரே சொல். "நீயும் வந்துடாத." அதைத்தான் சீராகக் கொண்டுவந்தேன்.

கோழி வளர்ப்பது எங்கள் ஊரில் ஒரு வேலையே இல்லை. விட்டால் மேயும், பொழுது போனால் அடையும். இங்கே அப்படி இல்லை. உப்புக்காடு வெட்டவெளி. மரம் கிடையாது, மறைவு கிடையாது. பருந்துக்கு மேலேயிருந்து எல்லாம் தெரியும். குஞ்சு பொரித்த வாரத்தில் தரையில் ஒரு நிழல் ஓடினாலே நான் துடைப்பத்தோடு வெளியே ஓடுவேன். மாமனார் அனுமந்தைக் கரையில் கிழிந்த வலை வாங்கிவந்து முற்றத்துக்கு மேலே பந்தல் மாதிரி இழுத்துக் கட்டியிருந்தார். கீரிக்கும் நாய்க்கும் பயந்து சுற்றிலும் வேலிக்காத்தான் முள்ளை நெருக்கமாக அடைத்திருந்தார். பொழுது சாயும்போது என் வீட்டுக்காரர் கூண்டு வாசலில் குந்திக்கொண்டு எண்ணுவார். ஒன்று குறைந்தால் தேடிவிட்டுத்தான் சோறு. கொழுந்தன் சைக்கிளில் போய்ப் படகுத்துறையில் மீன் குடல் வாங்கிவருவான். பச்சை மீனாக இருக்க வேண்டும். கருவாட்டுத் தலையைக் கோழிக்குப் போடக்கூடாது என்பது மாமியாரின் கட்டளை. கூண்டைப் பெருக்கிச் சாம்பல் தூவுவதும் தண்ணீர் வைப்பதும் என் பங்கு.

தண்ணீர்தான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. முற்றத்துக் கிணற்றில் உவர்த் தண்ணீர். குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம். நல்ல தண்ணீர் தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். அந்த நல்ல தண்ணீரில் கோழிச் சட்டிக்கு ஊற்றிய பிறகுதான் நாங்கள் குடிக்க எடுப்போம். எங்கள் ஊரில் கோழி சாக்கடையில் குடிக்கும். இங்கே கோழிக்குக் குடத்துத் தண்ணீர்.

இன்னொரு சட்டமும் இருந்தது. வேலிக்கு வெளியே பூவரச மரத்தடியில் உடைந்த சிமெண்டுத் தொட்டி ஒன்று. அளத்திலிருந்து வருகிறவர் யாரானாலும் அங்கேயே கை கால் கழுவ வேண்டும். புடவை நுனியை அலச வேண்டும். சட்டையை உதற வேண்டும். தலையில் உப்புச் சுமக்கிற பாண்டு என்கிற இரும்புச் சட்டியை வெளியே முளையில் கவிழ்த்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். மாமனாருக்கும் அதே சட்டம்தான். ஏன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவர்களுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை போலிருக்கிறது. நான் வேறு மாதிரி நினைத்துக்கொண்டேன். உப்புதான் நமக்குச் சோறு போடுகிறது, அதைத் தீட்டு மாதிரி வெளியே கழுவச் சொல்கிறாரே, மருமகளை வாசலிலேயே நிறுத்திவைக்க ஒரு வழி என்று.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. மாமியார் அந்தோணியார் கோயிலுக்குப் போயிருந்தார். மாமனாரும் என் வீட்டுக்காரரும் அளத்தில் வரப்பு உடைந்ததைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காலில் வெடிப்பு. உப்புத் தண்ணீர் அதில் இறங்கி நெருப்பாக எரிந்தது. கங்காணியிடம் சொல்லிவிட்டு பதினோரு மணிக்கே பாண்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பூவரசடித் தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நான்கு நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை, மோட்டார் எரிந்துவிட்டது என்றார்கள். தொட்டியை நிரப்பக் கிணற்றுக்குத்தான் போக வேண்டும். கிணறு வேலிக்கு உள்ளே. வீட்டில் யாரும் இல்லை. நான் பாண்டோடு உள்ளே போனேன்.

கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு, இறக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றன. சட்டி காய்ந்திருந்தது. சமையல்கட்டில் மூன்று குடம் நல்ல தண்ணீர் இருந்தது. மறுபடி எப்போது வருமோ தெரியாது என்று மாமியார் மூடிவைத்துவிட்டுப் போயிருந்தார். அதைத் தொட எனக்குப் பயம். வந்து பார்ப்பார். குடம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பார். யார் மொண்டது என்று கேட்கக்கூட மாட்டார். அந்தப் பார்வைக்குப் பயந்து நான் கிணற்றில் ஒரு வாளி இறைத்தேன். பாண்டில் ஊற்றினேன். பாண்டின் உள்பக்கம் முழுக்க விரற்கடை கனத்துக்கு உப்பு ஒட்டியிருந்தது. கையால் தேய்த்துக் கரைத்தேன். அதில் பாதியைக் காலில் விட்டுக் கழுவினேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துப் பள்ளத்தில் அது தேங்கியது. மீதியைக் கொட்ட மனசு வரவில்லை. எப்படியும் கொட்டப்போகிற தண்ணீர்தானே, பாவம், வாயில்லா ஜீவன் என்று கோழிச் சட்டியில் ஊற்றினேன். நாம் கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிக்கிறோம், கோழிக்கு என்ன ஆகிவிடும் என்று ஒரு நினைப்பு. ஓடிவந்து குடித்தன. பாண்டைக் கவிழ்த்துத் தட்டினேன். உதிர்ந்த உப்பைக் குஞ்சுகள் நொய்யரிசி மாதிரி பொறுக்கின. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் பாண்டை எடுத்துப்போய் வெளியே முளையில் கவிழ்த்தேன், உள்ளே கொண்டுவராதவள் மாதிரி. அதைச் செய்யும்போதே சட்டத்தை மீறியது தெரிந்துதான் செய்தேன். அதை மட்டும் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது.

கொஞ்ச நேரத்தில் கொழுந்தன் வந்தான். உப்பேறி விறைத்த சட்டையைக் கழற்றிக் கோழிக்கூண்டின்மேல் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனான். நான் அடுப்பு மூட்டினேன். வெயில் உச்சிக்கு ஏறியது. வெளியே ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் ஐப்பசி. பக்கவாட்டில் சாய்ந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது. எழுந்திருக்கப் பார்த்தது, முடியவில்லை. மூக்கிலிருந்து தண்ணீர் ஒழுகியது. மற்றவை சட்டியைச் சுற்றி நின்று இன்னும் குடித்துக்கொண்டே இருந்தன. எல்லாம் தண்ணீராகக் கழிந்திருந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாம்பல் கோழி உட்கார்ந்தது. அப்புறம் தலையைத் தரையில் வைத்தது.

நான் ஓடிப்போய் அளத்துக்கரையில் நின்று கத்தினேன். மாமனாரும் வீட்டுக்காரரும் போட்டது போட்டபடி வந்தார்கள். டீக்கடையிலிருந்து கொழுந்தனும் வந்தான். பார்த்ததுமே மாமனார் சொன்னார், "கழிச்சல் வந்துடுச்சு." முந்தின மாசம்தான் பக்கத்துத் தெருவில் கழிச்சல் நோய் வந்து கூண்டு கூண்டாகக் காலியாகியிருந்தது. அவர் கத்தியை எடுத்துக் கல்லில் தீட்ட ஆரம்பித்தார். நிற்கிறதையாவது அறுத்துவிடலாம் என்றார். கொழுந்தன், நிற்கிற வரைக்கும் பாயிடம் ஏற்றிவிடலாம் என்றான். நோவு வந்த கோழியை ஒருத்தன் தலையில் கட்டுவதா என்று என் வீட்டுக்காரர் தம்பியின் மேல் பாய்ந்தார். மூன்று பேரும் பேசிக்கொண்டிருக்கும்போதே புள்ளிக் கோழி விழுந்தது. நான் கிணற்றுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. நான் வீட்டில் இருந்த நேரத்தில் வந்த நோய் என்றுதான் பயந்தேன். மருமகள் வந்த நேரம் என்று சொல்லிவிடுவார்களோ என்று.

மாமியார் வந்தார். கோயிலுக்குப் போட்ட முக்காடு தலையிலேயே இருந்தது. வேலி வாசலில் நின்று ஒரு தடவை பார்த்தார்.

"கத்திய கீழ வைய்யா," என்றார் மாமனாரிடம். "சொட்டு மருந்து போட்ட கோழிங்க. இது அந்த நோவு இல்ல."

செத்துக்கிடந்த ஐப்பசியை மடியில் போட்டுக்கொண்டார். அதே கத்தியை வாங்கித் தீனிப்பையைக் கீறினார். உள்ளே இருந்த தண்ணீர் அவர் உள்ளங்கையில் வடிந்தது. அதில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். அளத்தில் அவர் அப்படிச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். பாத்தித் தண்ணீர் உப்பாக இறங்கப் பக்குவமா இல்லையா என்று நாக்கில் வைத்தே சொல்லிவிடுவார். முதலாளி வீட்டு ஆள் கண்ணாடிக் குழாய் வைத்து அளந்துவிட்டும் அவரிடம் வந்து ஒரு தடவை கேட்டுப்போவான். மாமியார் துப்பினார்.

"உப்பு," என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் எழுந்து சட்டியில் விரலை வைத்தார், நாக்கில் வைத்தார். துவைக்கிற கல்லுக்குப் போனார். பள்ளம் வெயிலில் காய்ந்து ஓரமெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. அதைத் தொட்டார். பிறகு திரும்பி எங்கள் காலைப் பார்த்தார். ஒவ்வொருவர் காலாக. மாமனார் ஓடிவந்தவர், கழுவவில்லை, முட்டி வரைக்கும் வெள்ளை. என் வீட்டுக்காரர் காலும் அப்படியே. கொழுந்தன் காலும் வெள்ளை. என் கால் மட்டும்தான் சுத்தமாக இருந்தது.

"எவன் உள்ள வந்து கழுவுனது?"

கூண்டின்மேல் கிடந்த சட்டையைக் கொழுந்தன் பார்த்தான். அதற்குக் கீழே உதிர்ந்திருந்த உப்பைப் பார்த்தான். அவனுக்கு முகம் செத்துவிட்டது.

"நான்தாம்மா போலருக்குது," என்றான். "சொக்காய அங்க போட்டுட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். நீயும் வந்துடாத என்று அம்மா சொன்னது காதில் கேட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

மாமியார் அவனை ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் மூன்று குடத்தையும் தூக்கிவந்து முற்றத்தில் வைத்தார். மாமனாருக்குப் பொறுக்கவில்லை. "இதையும் ஊத்திட்டா நாளைக்கு மனுசன் இன்னாத்த குடிக்கிறது?" என்றார்.

"மனுசனுக்கு வாய் இருக்குது, நாலு வூட்ல போயி கேப்பான். கோழி எவன் வூட்ல போயி கேக்கும்?"

ஞானஸ்நானத் துணி வைத்திருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்து இந்தப் பாலாடையை எடுத்துவந்தார். என் கையில் கொடுத்தார். உனக்குத்தான் சின்னக் கை, அலகைப் பிடிக்க வரும் என்றார். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும் என்றார். ஒரு கோழிக்கு ஒரு பாலாடை. அப்புறம் அடுத்தது. எல்லாம் முடிந்து மறுபடி முதலிலிருந்து. "அது கேக்குதேன்னு ஊத்திடாத. ஒரேடியா குடிச்சா உசுரு பூடும்."

அந்த மத்தியானம் முழுக்க அப்படியே போனது. மாமனார் கோழியைப் பிடித்துக்கொள்வார். நான் அலகைப் பிரித்து மூக்கு வளைந்த பாலாடையைச் சாய்ப்பேன். என் வீட்டுக்காரர் சாக்கைத் தூக்கிப் பிடித்து நிழல் காட்டினார். கொழுந்தன் இரண்டு கேனைக் கட்டிக்கொண்டு கூனிமேட்டுக்குச் சைக்கிளை மிதித்தான். பள்ளிவாசல் பக்கத்து வீடுகளில் கேட்டு வாங்கிவந்தான். மூன்று நடை போனான். மூன்றாவது நடையில் வந்தபோது நிற்க முடியாமல் வேலியைப் பிடித்துக்கொண்டான். தண்ணீர் குடி என்று நான் ஒரு டம்ளர் நீட்டினேன். வேண்டாம் அண்ணி, கோழிக்குக் கொடு என்றான். அந்த டம்ளரை எங்கே வைத்தேன் என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் நினைவில்லை. அவன் முகம் நினைவிருக்கிறது.

கோழிக்குக் கீழ் இமைதான் மேலே ஏறி மூடும். அதை அன்றைக்குத்தான் கிட்டத்தில் பார்த்தேன். தண்ணீர் விடும்போது தொண்டை ஏறி இறங்கினால் உயிர் இருக்கிறது. ஏறாமல் ஓரத்தில் வழிந்தால் இல்லை. ஒவ்வொன்றுக்கும் பாலாடையைச் சாய்த்துவிட்டுத் தொண்டையையே பார்ப்பேன். உள்ளங்கையில் அதன் நெஞ்சு கடகடவென்று அடிக்கும். சிலது என் கையிலேயே நின்றுபோனது. இன்னும் கொஞ்சம் ஊற்றினால் பிழைக்குமோ என்று கை தவிக்கும். அடுத்த கோழிக்குப் போ என்று மாமியார் சொல்வார். நான் கொன்றதை நானே காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். கர்த்தருக்குத் தெரியும். அவரை நினைக்கவும் பயமாக இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு எட்டு கிடந்தன. ஐப்பசி இரண்டும், கார்த்திகை இரண்டும், மார்கழி மூன்றும். எட்டாவது நேர்ந்துவிட்ட சிவப்புச் சேவல். குஞ்சுகளில் பாதி. கறிகூட ஆக்கக்கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார். மாமனார் வேலிக்கு வெளியே குழி வெட்டினார். சேவலைக் குழியில் வைக்கும்போது அவருக்குக் கை வரவில்லை. சாமி கோழியாயிற்றே என்றார். "வேற குடுத்துக்கலாம். அந்தோணியாரு இன்னா கஞ்சிக்கு இல்லாதவரா, ரெண்டு வருசம் பொறுத்துக்குவாரு," என்றார் மாமியார். எல்லாரும் லேசாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அந்த வருஷம் மழை முன்னாலேயே பிடித்துக்கொண்டது. பதின்மூன்று கோழியை மூன்று மாசத்துக்கு நீட்ட வேண்டியிருந்தது. பாய் வண்டி வரும்போதெல்லாம் நான் உள்ளே போய்விடுவேன். மார்கழி பாதியிலேயே கூண்டில் ஒரு அடைக்கோழியும் ஒரு சேவலும்தான் மிச்சம். அந்த இரண்டையும் விற்றால் அடுத்த வருஷத்துக்கு விதை இல்லை. அப்போதிருந்து மாமியாருக்குச் சாயந்திரத்தில் பசிக்கவில்லை. பசியில்ல, நீங்க சாப்டுங்க என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். முப்பது நாள் ஒரு மனுஷிக்குப் பசிக்காமல் இருக்குமா. நான் போட்ட சோற்றைத் தின்றேன். தின்னாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்களே என்று தின்றேன்.

சொல்லிவிடலாம் என்று நினைக்காத நாள் இல்லை. முதலில், அனுப்பிவிடுவார்கள் என்று பயம். அப்புறம் பிள்ளை பிறந்தது, அனுப்ப மாட்டார்கள் என்று தெரிந்தது. அதற்குள் வேறு பயம் வந்துவிட்டது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது. வருஷம் போகப் போக எட்டுக் கோழி சின்னதாகிவிடும் என்று பார்த்தேன். கோழி சின்னதானது, சொல்லாதது பெரிதானது. கொழுந்தனுக்கு உப்புக்காலன் என்று வீட்டில் பேர் விழுந்துவிட்டது. மாமனார் கடைசி வரைக்கும் அவனை அப்படித்தான் கூப்பிட்டார். இப்போது அவன் புதுச்சேரியில் லோடு வண்டி ஓட்டுகிறான். பண்டிகைக்கு வந்தால், அவன் பிள்ளைகளே வாசலில் நின்றுகொண்டு, "யோவ் உப்புக்காலா, காலக் கழுவிட்டு உள்ள வா," என்று கிண்டல் செய்யும். அவனும் பூவரசடிக்குப் போய்க் கழுவிக்கொண்டு சிரித்தபடி வருவான்.

மாமியாருக்கு இரண்டு வருஷமாகச் சிறுநீரகம் சரியில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருகிறோம். உப்பு அறவே ஆகாது என்றார் டாக்டர். தண்ணீரும் அளந்துதான். நாள் முழுக்கச் சேர்த்து ஒரு சின்ன பாட்டில். அதற்கு மேல் போனால் கால் வீங்கி, நெஞ்சில் தண்ணீர் கோத்து, மூச்சுக்கு ஆபத்து என்றார். டம்ளரில் கொடுத்தால் ஒரே மடக்கில் குடித்துவிடுகிறார். மூடியில் அளந்து கொடுங்கள் என்று நர்ஸம்மா சொன்னார். நான் வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்து பாலாடையை எடுத்தேன். பாட்டிலில் பேனாவால் கோடு போட்டிருக்கிறேன். காலைக்கு இவ்வளவு, மத்தியானத்துக்கு இவ்வளவு.

உப்பில்லாத கஞ்சியை அவர் நாக்கு ஏற்க மாட்டேன் என்கிறது. "அம்பது வருசம் உப்பு வாரிக் கொட்டுனேன், ஒரு கல்லு போட மாட்டியாடி," என்பார். நான் பேசாமல் ஸ்பூனை நீட்டுவேன். தண்ணீருக்குத்தான் என்னால் தாங்க முடிவதில்லை. வாய் காய்ந்து உதடு வெடித்திருக்கும். என் கால் சத்தம் கேட்டாலே கண் பாட்டிலுக்குப் போகும். அப்புறம் என் முகத்துக்கு வரும். கொடுப்பேனா மாட்டேனா என்று பார்ப்பார். ஒரு பாலாடை முடிந்ததும் இன்னொன்று கேட்க வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொள்வார். என்னைப் பார்த்து அவர் பயப்படுகிறார். இந்த வீட்டில் ஒருத்தர் பார்வைக்கு ஒருத்தர் பயப்படுவது எப்படி என்று எனக்குத் தெரியும். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை.

போன வாரம் மத்தியானம். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள். அவருக்குக் கால் கொஞ்சம் வீங்கியிருந்தது. மத்தியானக் கோடு வரைக்கும் கொடுத்தாகிவிட்டது. பாலாடையைக் கவிழ்த்தேன். அவர் கவிழ்ந்த பாலாடையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே முற்றத்தில் கோழிகள் சட்டியில் குடிக்கிற சத்தம் கேட்டது. இப்போதும் வளர்க்கிறோம். இப்போதும் நல்ல தண்ணீர்தான். அந்தச் சத்தம் அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, சொல்லிவிட்டேன்.

"அத்த. அந்த வருசம் கோழிங்க செத்துச்சே. தம்பி சொக்காயால இல்ல. பாண்டு கழுவுன தண்ணிய நான்தான் சட்டியில ஊத்துனேன்."

அவர் என்னைப் பார்த்தார். பழைய பார்வை. அதற்கு முதலில் பயந்தபோது எனக்கு இருபது வயசு, இப்போது நாற்பது தாண்டிவிட்டது, இருந்தும் நேரே பார்க்க முடியாமல் மின்விசிறியைப் பார்த்தேன். பிறகு அவர் கண் மெல்ல நகர்ந்து பாட்டிலுக்குப் போனது.

"எத்தினி செத்துது?"

"எட்டு."

"எட்டு," என்றார். உதட்டை நாக்கால் தடவிக்கொண்டார். "எட்டுக்கு ஒண்ணாச்சும் ஊத்துடி."

கோடு தாண்டக்கூடாது. கேட்கிறதே என்று ஊற்றிவிடாதே என்று சொன்னவரே அவர்தான். நான் பாட்டிலைத் திறந்தேன். பாலாடையில் பாதி ஊற்றினேன். வளைந்த மூக்கை அவர் உதட்டில் வைத்துச் சாய்த்தேன். தொண்டை ஏறி இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டார். நான் பாலாடையைக் கவிழ்க்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, அவர் நெஞ்சு எழுவதையும் தணிவதையும் பார்த்தபடி, வீட்டுக்காரர் அளத்திலிருந்து வந்து வெளியே கால் கழுவுகிற சத்தம் கேட்கும் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.